பூத்தும் காய்க்காதது ஏன்?



வீட்டில் காய்கறி பயிரிடுவோர் பலரும் கூறும் குறை ஒன்று உண்டு. "விதை முளைத்தது, கொடி ஓடிற்று, பந்தல் நிறையப் பூவும் பூத்தது, ஆனால் ஒரு காய்கூடப் பிடிக்கவில்லை" என்பதே அக்குறை. முளைக்காத விதையை இரண்டு நாளில் மறந்துவிடலாம். பூத்தும் காய்க்காத கொடியோ நாள்தோறும் நம் கண்முன் நின்று நம்மை வருத்துகிறது. அந்த வருத்தத்தில் சிலர் மேலும் மேலும் உரம் இடுகின்றனர். சிலர் பூச்சிமருந்து தெளிக்கின்றனர். வேறு சிலர் கண்ணேறு பட்டது என்று கருதிப் பந்தற்காலில் பழைய செருப்பைக் கட்டித் தொங்கவிடுகின்றனர். எதனாலும் பயன் இல்லாதபோது, நன்கு வளர்ந்த கொடியை வேரோடு பிடுங்கி எறிந்துவிடுகின்றனர். செருப்பினால் தீங்கில்லை. ஆனால் அளவுமீறிய உரமும், காலமறியாது தெளிக்கும் மருந்தும் குறையை மேலும் வளர்க்கக்கூடியவை. நோயின் முதல் அறியாமல் செய்யும் வைத்தியம் நோயாளியைக் கெடுக்கும் அல்லவா?

யான் வாழும் அனகாபுத்தூர் அடையாற்றின் கரையில் அமைந்த ஊர்; நெசவுக்குப் பெயர் பெற்றது. 2021ஆம் ஆண்டில் தாம்பரம் மாநகராட்சி அமைக்கப்பட்டபோது அதில் இணைந்தது. பம்மல், பொழிச்சலூர், குன்றத்தூர் போன்ற சுற்றூர்களைப் போலவே இங்கும் வீடுகள் நெருங்கிவிட்டன. கொல்லைப்புறங்கள் சுருங்கிவிட்டன. ஆதலின் கொல்லையில் இருந்த பந்தல் இப்போது மாடிக்கு ஏறியிருக்கிறது. தமிழ்நாடு தோட்டக்கலைத் துறையினர் மாடித்தோட்டத் தளைகளை மானிய விலையில் வழங்கியதும் இந்த ஆர்வத்தை வளர்த்தது. ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற எனக்கும் மாடித்தோட்டமே மாலைப்பொழுது. எங்கள் தெருவில் பூத்துக் காய்க்காத கொடி எதுவாயினும் அதைப் பற்றிய கேள்வி எப்படியோ என் வாயிலுக்கு வந்து சேர்ந்துவிடும். அக்கேள்விகளுக்கு யான் கூறும் விடையையே இன்று உங்களுக்கும் கூற விரும்புகிறேன்.

பூ தோன்றிவிட்டதாலேயே காய் உறுதியாகிவிடுவதில்லை. பூவுக்கும் காய்க்கும் இடையே பல படிகள் உள்ளன. அவற்றுள் எந்தப் படியில் தடை ஏற்பட்டது என்பதைக் கண்ணால் பார்த்துக் கண்டறியவேண்டும். அதன் பின்னரே கையை நீட்டவேண்டும். இன்றைய பேச்சின் சாரம் இதுவே.

முதலில் பூவின் அமைப்பை நினைவுகூர்வோம். பூவில் மகரந்தத்தை உண்டாக்கும் ஆண் உறுப்பு உண்டு. சூற்பை, சூல்தண்டு, சூல்முடி என்னும் பகுதிகளைக் கொண்ட பெண் உறுப்பும் உண்டு. மகரந்தம் சூல்முடியில் படியவேண்டும். அங்கே அது முளைத்து, நுண்ணிய குழல் ஒன்றைச் சூல்தண்டின் வழியே கீழே செலுத்திச் சூலை அடையவேண்டும். சூல் விதையாகும், சூற்பை காயாகும். ஒரு விதைக்கு ஒரு மகரந்தத் துகளேனும் தேவை. ஆகவே நூற்றுக்கணக்கான விதைகளைக் கொண்ட பூசணிக்கு ஒரே காலைப்பொழுதில் நூற்றுக்கணக்கான துகள்கள் வந்து சேர்ந்தாக வேண்டும். போதிய அளவு வராவிட்டால் காய் பிடிக்காது. குறைவாக வந்தால் வெள்ளரிக்காய் ஒரு பக்கம் பருத்து மறுபக்கம் சூம்பி வளைந்துபோகும்.

தக்காளி, கத்தரி, மிளகாய், வெண்டை, அவரை ஆகியவற்றில் இருபால் உறுப்புகளும் ஒரே பூவில் இருக்கின்றன. பூசணி, சுரை, பீர்க்கு, பாகல், புடல், வெள்ளரி ஆகிய கொடிகளில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. எனினும் இரண்டும் ஒரே கொடியில் பூக்கும். பனையிலோ ஆண் மரமே வேறு, பெண் மரமே வேறு. ஆண் பனையில் நுங்கு தேடுவார் நம் நாட்டில் ஒருவரும் இல்லை. பப்பாளியிலும் பல வகைகளில் இவ்வேறுபாடு உண்டு. நீண்ட காம்புகளில் கொத்துக்கொத்தாகப் பூத்துத் தொங்கும் பப்பாளி ஆண் மரம். அதற்கு எத்தனை குடம் நீர் ஊற்றினாலும் அது காய் சுமக்கும் மரம் ஆவதில்லை. இந்த மூன்று வகுப்புகளையும் மனத்தில் கொண்டால், நம் கேள்விகளில் பாதி தாமாகவே தீர்ந்துவிடும்.

கொடிக் காய்கறிகளை எடுத்துக்கொள்வோம். இவற்றில் முதலில் தோன்றுபவை பெரும்பாலும் ஆண் பூக்களே. அவை ஒரு நாள் மலர்ந்து உதிர்ந்துவிடும். அது அவற்றின் இயல்பு. பெண் பூக்கள் சில நாள் கழித்தே தோன்றும். தோன்றிய பின்னரும் ஆண் பூக்களைவிடக் குறைவாகவே இருக்கும். ஆகவே, "பூவெல்லாம் கொட்டுகிறது" என்று ஒருவர் கூறினால், "கொட்டுவது எந்தப் பூ?" என்பதே நம் முதற்கேள்வியாக இருத்தல் வேண்டும். இதை அறிவது எளிது. பூவின் இதழ்களுக்குக் கீழே பாருங்கள். வெறும் மெல்லிய காம்பு மட்டும் இருந்தால் ஆண் பூ. குட்டிப் பூசணி போலவோ குட்டிப் பாகல் போலவோ ஓர் உருவம் இருந்தால் பெண் பூ. கோடை வெப்பமும் நீண்ட பகலும் மிகுதியான தழைச்சத்தும் ஆண் பூக்களைப் பெருக்கும். குளிர்ந்த பருவமும் குறுகிய பகலும் பெண் பூக்களைப் பெருக்கும். பெரிய அளவில் பயிரிடும் உழவர்கள் கொடி இளமையாய் இருக்கும்போதே எத்ரல் என்னும் ஊக்கியை மிகக் குறைந்த அளவில் தெளித்துப் பெண் பூக்களை மிகுவிக்கின்றனர். மாடியில் இரண்டு கொடி வளர்ப்போர்க்கு அது தேவையில்லை. பத்து நாள் பொறுமை போதும்.

இனி, பெண் பூவின் கீழே காணப்படும் அந்தக் குட்டி உருவத்தைப் பற்றி ஒரு செய்தி. அதைக் கண்டதும், "பிஞ்சு விட்டுவிட்டது" என்று நாம் மகிழ்கிறோம். உண்மையில் அது இன்னும் பிஞ்சாகவில்லை. மகரந்தத்திற்குக் காத்திருக்கும் சூற்பையே அது. மகரந்தம் சேர்ந்தால் மூன்று நான்கு நாளில் அது பருக்கத் தொடங்கும். சேராவிட்டால் அதே மூன்று நான்கு நாளில் மஞ்சளித்து, நுனியிலிருந்து சுருங்கி உதிர்ந்துவிடும்.

நம் பாட்டிமார் ஒரு நம்பிக்கையைக் கூறுவர். பிஞ்சைச் சுட்டுவிரல் நீட்டிக் காட்டினால் அது அழுகிவிடும் என்பது அது. எங்கள் தெருவில் ஒரு வீட்டில் இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, பந்தலில் தொங்கிய பூசணிப் பிஞ்சைத் தன் தோழிக்கு விரல் நீட்டிக் காட்டினாள். நான்காம் நாள் அது மஞ்சளித்து விழுந்தது. பழி குழந்தையின் விரல்மேல் விழுந்தது. "தாத்தா, நான் தொடக்கூட இல்லையே!" என்று அவள் என்னிடம் வந்து அழுதாள். நடந்தது என்ன? பூ மலர்ந்த நாளில்தான் அது எல்லார் கண்ணிலும் படுகிறது. அன்றுதான் குழந்தைகள் அதைச் சுட்டிக் காட்டுகின்றனர். மகரந்தம் பெறாத பெண் பூ உதிர்வதும் அந்நாளிலிருந்து சில நாட்களில்தான். இரண்டு நிகழ்ச்சிகள் அடுத்தடுத்து நிகழ்ந்தமையால் ஒன்றை மற்றொன்றின் காரணமாகக் கொண்டுவிட்டோம். முன்னே நிகழ்ந்ததெல்லாம் காரணம் ஆகாது என்பதை மாணவர்களாகிய நீங்கள் பந்தலடியிலேயே கற்றுக்கொள்ளலாம். மறுநாள் விடியலில் மலர்ந்த வேறொரு பெண் பூவுக்கு அச்சிறுமியின் கையாலேயே மகரந்தம் இடச் செய்தேன். அவள் தினமும் அதை விரல் நீட்டிக் காட்டிக்கொண்டுதான் இருந்தாள். அது காயாகி, அவ்வீட்டுச் சாம்பாரில் சேர்ந்தது.

காய் தோன்ற மகரந்தம் இன்றியமையாதது என்பது இன்று பாடநூலில் ஒரு வரி. ஆனால் அதை நிறுவ ஒருவர் உழைக்கவேண்டியிருந்தது. ஜெர்மனியில் டூபிங்கன் நகரில் பேராசிரியராய் இருந்த ருடால்ஃப் காமராரியஸ் என்பவர் ஆமணக்கின் ஆண் பூக்களை அவை வெடிக்குமுன் நீக்கிப் பார்த்தார். முளைக்கத் தக்க விதை கிடைக்கவில்லை. 1694ஆம் ஆண்டில் தம் முடிவுகளை ஒரு கடித வடிவில் வெளியிட்டார். ஏறத்தாழ நூறு ஆண்டு கழித்து, 1793இல், கிறிஸ்டியன் கொன்ராட் ஸ்ப்ரெங்கல் என்பவர் பூக்களைப் பூச்சிகள் நாடுவதும், அதனால் மகரந்தம் இடம்பெயர்வதும் பற்றி விரிவான நூல் எழுதினார். அவர் ஸ்பாண்டாவ் நகரில் ஒரு பள்ளியின் தலைமையாசிரியர். அவர் காலத்தில் அந்நூலைப் பெரிதாக மதித்தோர் சிலரே. பின்னாளில் சார்லஸ் டார்வின் அதன் அருமையை உணர்ந்து போற்றினார். பூவின் முன் நெடுநேரம் அமர்ந்து பார்த்ததே ஸ்ப்ரெங்கல் செய்த ஆராய்ச்சி. அதற்கு வேண்டிய கருவி உங்கள் ஒவ்வொருவரிடமும் இருக்கிறது.

அப்படிப் பார்க்கும்போது, எந்தப் பூ எப்பொழுது மலர்கிறது என்பதை முதலில் குறித்துக்கொள்ள வேண்டும். பூசணிப் பூ விடியலில் மலர்ந்து நண்பகலுக்குமுன் மூடிக்கொள்ளும். அதன் பெண் பூவுக்கு வாழ்நாளில் கிடைப்பது அந்த ஒரு காலைப்பொழுதே. பாகலும் வெள்ளரியும் காலையில் மலர்பவை. பீர்க்கு மாலையில் மலரும். வெண்ணிறச் சுரைப்பூவும், நூல் பிரிந்தாற்போன்ற இதழ்களையுடைய புடலம்பூவும் மாலையிலும் இரவிலும் மலர்பவை. அவற்றை நாடி வருவன பெரும்பாலும் அந்துப்பூச்சிகள். காலைப் பூக்களுக்குத் தேனீக்களும் கருவண்டுகளும் வருகின்றன. காலை ஏழு மணிக்குப் பூசணிப் பந்தலின்கீழ் கால்மணி நேரம் அமர்ந்து, எத்தனை தேனீ வந்தது என்று எண்ணிப் பாருங்கள். ஒன்றும் வரவில்லை எனில் உங்கள் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது.

தேனீ ஏன் வரவில்லை? சுற்றிலும் மரமும் புதரும் குறைந்து கட்டடங்கள் நெருங்கியிருக்கலாம். பூச்சிகளைத் தடுக்கவென்று கட்டிய வலை தேனீயையும் தடுத்திருக்கலாம். அல்லது நாமே அதைக் கொன்றிருக்கலாம். காய் பிடிக்கவில்லை என்று காலை எட்டு மணிக்குப் பூவின்மேல் மருந்து தெளிப்பவர், காய் பிடிக்கச் செய்யும் உயிரையே மாய்க்கிறார். மருந்து தவிர்க்க முடியாததாயின், பூக்கள் மூடியிருக்கும் வேளையில், தேனீக்கள் கூடடைந்த பின்னர்த் தெளித்தல் வேண்டும். வேப்பெண்ணெய்க் கரைசலுக்கும் இவ்விதி பொருந்தும். பந்தலருகே துளசி, சாமந்தி, சூரியகாந்தி ஆகியவற்றை வைத்தால் தேனீக்கள் அவ்விடத்தைப் பழகிக்கொள்ளும்.

தேனீ வராத இடத்தில் அதன் வேலையை நாம் செய்யலாம். அன்று மலர்ந்த ஆண் பூ ஒன்றைக் காம்புடன் பறித்து, இதழ்களை நீக்கி, நடுவிலுள்ள மகரந்தத் தண்டைப் பெண் பூவின் சூல்முடியில் எல்லாப் பக்கமும் படுமாறு மெல்லத் தடவவேண்டும். பூசணிக்கு இதைக் காலை எட்டு மணிக்குள் செய்வது நலம். பீர்க்குக்கும் சுரைக்கும் மாலையில், அவை மலர்ந்த பின்னரே செய்யவேண்டும். காலை எழுந்தவுடன் எல்லாப் பந்தலுக்கும் ஒரே நேரத்தில் செய்பவர் பீர்க்கில் தோற்பதற்குக் காரணம் இதுவே.

இச்சிறு வேலையின் பெருமையை உணர்த்த ஒரு வரலாறு கூறுகிறேன். இந்தியப் பெருங்கடலில் ரியூனியன் என்றொரு தீவு உள்ளது. தமிழ் வழியினர் பலர் வாழும் தீவு அது. 1820ஆம் ஆண்டையொட்டி அங்கே வனிலாக் கொடியைக் கொண்டுவந்து நட்டனர். அது மெக்சிகோ நாட்டுக் கொடி. இத்தீவில் செழித்து வளர்ந்தது; பூத்தது; ஆனால் ஆண்டுகள் பல சென்றும் காய்க்கவில்லை. அதன் தாயகத்தில் பூவை நாடிய பூச்சிகள் இத்தீவில் இல்லை. பூவினுள் ஆண் உறுப்புக்கும் பெண் உறுப்புக்கும் இடையே ஒரு மெல்லிய தடுப்பும் உண்டு. ஆதலின் தானாக மகரந்தம் சேர்வதும் அரிது. 1836இல் பெல்ஜிய நாட்டு அறிஞர் சார்லஸ் மொரென் கையால் மகரந்தம் சேர்த்துக் காய் பெற்றார். எனினும் தோட்டத்தில் விரைந்து செய்யத் தக்க எளிய முறையைக் கண்டவன் ரியூனியன் தீவில் அடிமையாய்ப் பிறந்த எட்மண்ட் என்னும் பன்னிரண்டு வயதுச் சிறுவன். 1841இல் அவன் ஒரு சிறு குச்சியால் அத்தடுப்பை உயர்த்தி, கட்டைவிரலால் மகரந்தத்தை அழுத்திச் சேர்த்தான். அத்தீவு வனிலாவால் செல்வம் கொழித்தது. 1848இல் விடுதலை பெற்ற எட்மண்டோ 1880இல் வறுமையில் மாண்டான். வனிலா பயிரிடும் தோட்டங்களில் இன்றும் கையாளப்படுவது அவன் கண்ட முறையே.

மலேசியாவில் எண்ணெய்ப்பனைத் தோட்டங்களின் கதையும் இத்தகையதே. ஆப்பிரிக்காவிலிருந்து மரம் வந்தது. அதன் பூவை நாடும் சிறு வண்டு வரவில்லை. ஆகவே தொழிலாளர்களைக் கொண்டு மகரந்தத் தூளைக் குலைகளின்மேல் தூவவேண்டியிருந்தது. 1981இல் அவ்வண்டைக் காமரூன் நாட்டிலிருந்து கொண்டுவந்து விட்டனர். மனிதர் பலர் செய்த வேலையை ஒரு சிறு வண்டு மேற்கொண்டது. வணிகப் பயிராயினும் மாடிப் பூசணியாயினும் இயற்கையின் விதி ஒன்றே.

இனி, இருபால் உறுப்பும் ஒரே பூவில் உள்ள செடிகளைப் பார்ப்போம். தக்காளிப் பூவுக்கு வேறொரு பூவின் துணை வேண்டியதில்லை. ஆனால் அதன் மகரந்தம் ஒரு குழல் போன்ற பையினுள் அடைபட்டிருக்கிறது, அதிர்ந்தால்தான் உதிரும். காற்று அசைப்பதும், கருவண்டு போன்றவை பூவைப் பற்றிக்கொண்டு ரீங்காரம் செய்து அதிரவைப்பதும் இதற்கு உதவுகின்றன. காற்றுப் புகாத மூலையில் வைத்த தக்காளி பூத்துக் கொட்டுவதற்கு இது ஒரு காரணம். முற்பகலில் பூங்கொத்தின் காம்பை விரலால் மெல்லத் தட்டினால் போதும். பள்ளி ஆய்வுக்கூடத்தில் இசைக்கவை இருந்தால், அதைத் தட்டிப் பூக்காம்பில் வைத்துப் பாருங்கள். கீழே கருநிறத் தாள் ஒன்றைப் பிடித்தால் மகரந்தம் தூளாக உதிர்வதைக் காணலாம். இயற்பியலும் தாவரவியலும் ஒரே பூவில் சந்திக்கும் காட்சி அது.

வெப்பம் தக்காளிக்கு மற்றொரு பகை. பகலில் 35 பாகை செல்சியசைக் கடந்தாலும், இரவில் 24 பாகைக்குமேல் நின்றாலும் மகரந்தம் வீரியம் இழக்கும், பூ உதிரும். நம் பகுதியில் மே மாத இரவுகள் 28 பாகையையொட்டியே இருக்கின்றன. அப்பொழுது பூக்கும் தக்காளியிடம் காய் எதிர்பார்ப்பது முறையன்று. மார்கழி, தை மாதங்களில் பூக்குமாறு முன்கூட்டியே நாற்றுவிட வேண்டும். மிளகாயும் கடுங்கோடையில் பூவுதிர்க்கும். மழையும் குளிர்ச்சியும் வந்தால் அதே செடி காய்க்கத் தொடங்கும். அதைப் பிடுங்காமல் காத்திருப்பதே அறிவுடைமை.

கத்தரியில் ஒரு புதுமை உண்டு. அதன் பூக்கள் எல்லாம் ஒரே தன்மையன அல்ல. சிலவற்றில் சூல்தண்டு நீண்டு மகரந்தப் பைகளுக்கு வெளியே தலைநீட்டி நிற்கும். சிலவற்றில் அது குறுகி உள்ளேயே மறைந்திருக்கும். நீண்டது நன்கு காய்க்கும். மிகக் குறுகியது காய்ப்பதில்லை. ஆகவே நன்கு பேணப்பட்ட கத்தரியிலும் ஒரு பகுதிப் பூக்கள் உதிரவே செய்யும். உதிர்ந்த பூவைக் கையில் எடுத்து உற்றுநோக்கினால் இவ்வேறுபாட்டை நீங்களே காணலாம்.

மகரந்தம் சேர்ந்தும் காய் நிற்கவில்லை எனில், அடுத்து நோக்கவேண்டியது செடியின் உணவு. சாணமும் யூரியாவும் மிகுதியாய்ப் பெற்ற செடி கரும்பச்சை இலைகளால் நிறைந்து நிற்கும்; பார்ப்பவர் கண்ணைக் கவரும்; காய் மட்டும் இராது. தழைச்சத்து இலைக்குத் துணை. பூவுக்கும் காய்க்கும் மணிச்சத்தும் சாம்பல் சத்தும் வேண்டும். இத்தகைய செடிக்கு மேலும் உரம் இடுவது எரியும் நெருப்பில் எண்ணெய் வார்ப்பது போலாகும். நாள்தோறும் ஐந்தாறு மணி நேரம் நேர்வெயில் படாத இடத்திலும் காய் பிடிக்காது. தொட்டிச் செடியில் நண்பகலில் மண் முற்றும் உலர்ந்து, மாலையில் சேறாகும் நிலை தொடர்ந்தாலும் செடி பூவை உதிர்க்கும். ஒரு கொடியில் முற்றிய காய்கள் நிறைந்திருந்தால் புதுப் பிஞ்சுகளை அதனால் சுமக்க முடியாது. காலத்தில் பறித்துவிட்டால் அடுத்தவை நிற்கும்.

பழ ஈ செய்யும் கேட்டையும் பிரித்தறிய வேண்டும். பாகல், பீர்க்கு, புடல் ஆகியவற்றின் இளம்பிஞ்சில் அது துளையிட்டு முட்டை வைக்கும். பிஞ்சு மஞ்சளித்து அழுகும். விழுந்த பிஞ்சைக் கத்தியால் கீறிப் பாருங்கள். உள்ளே வெண்புழு இருந்தால் பழ ஈ. தூய்மையாய்ச் சுருங்கி இருந்தால் மகரந்தக் குறை. புழு உள்ளவற்றை மண்ணில் விட்டுவைக்காமல் அகற்றி அழித்துவிட வேண்டும். அவற்றுள் உள்ள புழுக்கள் மண்ணுட் புகுந்து மீண்டும் ஈக்களாய் வெளிவரும்.

இறுதியாக, மாணவர்களுக்கு ஒரு சோதனை. யான் பணியாற்றிய பள்ளிகளில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைக் கொண்டு இதைப் பல ஆண்டுகள் செய்வித்ததுண்டு. பூசணிக் கொடியில், மறுநாள் மலரவிருக்கும் பெண் மொட்டுகள் மூன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். முதலிரண்டையும் மாலையிலேயே மெல்லிய துணிப்பையால் மூடிக் கட்டிவிடுங்கள். எங்கள் ஊரில் தறித்துணியின் துண்டுக்குப் பஞ்சமில்லை. ஆண் மொட்டு ஒன்றையும் அவ்வாறே மூடிவையுங்கள். விடியலில், முதற்பூவை மூடியபடியே விட்டுவிடுங்கள். இரண்டாம் பூவைத் திறந்து, மூடிவைத்த ஆண் பூவின் மகரந்தத்தை இட்டு, மீண்டும் மூடுங்கள். மூன்றாவது திறந்தே இருக்கட்டும். ஒரு வாரம் கழித்துப் பாருங்கள். முதலது உதிரும். இரண்டாவது மட்டும் காய்த்து மூன்றாவது உதிர்ந்தால், கொடியில் குறையில்லை, தேனீதான் வரவில்லை. இரண்டும் மூன்றும் காய்த்தால், நீங்கள் கவலைப்படக் காரணமே இல்லை. மூன்றுமே உதிர்ந்தால், உணவு, நீர், வெயில், வெப்பம் ஆகியவற்றில் ஒன்றைத் தேடுங்கள். ஒரு நாள் சோதனையை நம்பிவிடாமல், வெவ்வேறு நாட்களில் மூன்று நான்கு முறை செய்து பார்த்தபின் முடிவு கூறுங்கள்.

கேள்விகளை வரிசையாகக் கேட்கப் பழகினால் விடை கிட்டும். கொட்டுவது ஆண் பூவா, பெண் பூவா? பூ மலரும் வேளை எது? அவ்வேளையில் அதை நாடி வருவது யார்? இப்பருவம் அச்செடிக்கு ஏற்றதா? உணவும் நீரும் வெயிலும் அளவாய் உள்ளனவா? விழுந்த பிஞ்சினுள் இருப்பது என்ன? இவ்வளவும் கேட்டபின், உரப்பையையோ மருந்துக் குப்பியையோ நாடவேண்டிய தேவை பெரும்பாலும் எழாது. நாளைக் காலை உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ பூத்திருக்கும் ஒரு கொடியின்முன் கால்மணி நேரம் சென்று அமருங்கள்.